பெரட்டு எடுக்காமல் அழுத்திய ஒய்

சந்திரசேகரன் சார், சேரம்பாடி சர்வரில் அந்தப் பேக்கேஜை நீக்கியது நீங்கள். புஷ்பம் இல்லை. விசாரணையில் நீங்கள் சொன்னது பொய்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பின்னால் எழுதினால் பக்கம் போதவில்லை என்று வெட்டிவிடுவார்கள்.

ஊழியர் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று இப்போது சிஸ்டம்ஸ் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் வந்து கேட்டார்கள். டைப்பிஸ்டாகச் சேர்ந்த நான் லினக்ஸ் சர்வர் பார்க்கிற அளவுக்கு எப்படி வந்தேன், புதியவர்களுக்கு என்ன சொல்வேன் என்று எழுத வேண்டுமாம். அந்த மலரை வெளியிடுகிற விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போடப்போகிறார்கள் என்பதையும் அவர்களே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் எழுத ஒப்புக்கொண்டேன்.

வந்த கதை சின்னதுதான். என் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வந்து மளிகைக் கடை வைத்தவர். நான் டைப்ரைட்டிங் முடித்து அங்கேயே தேயிலை எஸ்டேட் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் தொடப் பயந்தார்கள், நான் தொட்டேன். பயிற்சி என்று யாரும் எனக்குத் தரவில்லை. கெடுத்தேன், சரி செய்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். ஓய்வு பெறும்போது சிஸ்டம்ஸ் சூப்பர்வைசர். அவ்வளவுதான்.

சந்திரசேகரன் சார் எங்கள் மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர். வேலை தெரிந்தவர். தெரியாதவர் என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன்.

இனி நடந்தது புரிய வேண்டுமானால், சர்வரில் வேண்டாத பேக்கேஜ்களை நீக்குவது என்றால் என்ன என்று தெரிய வேண்டும். லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில், இருப்பவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். அதனால் எளிமையாகவே சொல்கிறேன்.

லினக்ஸில் ஒரு புரோகிராமை ஏற்றினால் அது தனியாக வராது. தன் வேலைக்கு வேண்டிய மற்ற பேக்கேஜ்களையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். நாம் கேட்டு வந்தது எது, கூட வந்தது எது என்று சிஸ்டம் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் அந்தப் பெரிய புரோகிராம் வேண்டாம் என்று நீக்கினால், கூட வந்தவை இனி யாருக்கும் தேவையில்லை என்று சிஸ்டம் முடிவு கட்டும். ஆட்டோரிமூவ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் அப்படிப்பட்டவற்றையெல்லாம் வரிசையாகக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். ஒய் என்ற எழுத்தை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

இது கெட்ட வேலை இல்லை. செய்ய வேண்டிய வேலை. பயன்படுத்தாத பேக்கேஜைச் சர்வரில் விட்டு வைத்தால் அது திருடனுக்குத் திறந்து வைத்த ஜன்னல். ஆனால் சிஸ்டத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கூட வந்த ஒரு பேக்கேஜை நாம் இடையில் வேறு வேலைக்குப் பிடித்துப் போட்டிருப்போம். கட்டளைகளைக் கோர்த்து நாம் கையால் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஸ்கிரிப்ட் பேக்கேஜ் இல்லை. அதனால் சிஸ்டத்தின் கணக்கில் அது கிடையவே கிடையாது. யாருக்கும் வேண்டாதது என்று சிஸ்டம் காட்டுவது, மனிதர்களைக் கேட்டுவிட்டுக் காட்டுவது இல்லை.

இதை எங்களுக்கு மண்டையில் அடித்துச் சொன்னவரே சந்திரசேகரன் சார்தான். அவர் அதைக் கற்றுக்கொண்டது இத்தலாரில். அங்கே எங்களுக்கு இலை வாங்கும் நிலையம் இருக்கிறது. குன்னூரில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சர்வரில் பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பை நீக்கினார். பட்டியல் மளமளவென்று மேலே ஓடியது. அவர் படிக்காமல் ஒய் அழுத்திவிட்டார். பைத்தானை நம்பியிருந்த எல்லாம் அதோடு போயின. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த பேக்கேஜும் போய்விட்டது. இங்கிருந்து இனி அந்தச் சர்வரைத் தொட வழியில்லை. கொட்டுகிற மழையில் ஜீப்பில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவரும் போனோம். இலை கொண்டு வந்த விவசாயிகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எடை போட முடியவில்லை. ஒரு பெரியவர் சாரைப் பார்த்து, "ஏனுங்க, மிசினுக்குக் காய்ச்சலா, உங்களுக்கா?" என்று கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் அவர் ஒரு முறையைக் கொண்டு வந்தார். எஸ்டேட்டில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். பேக்கேஜுக்கும் பெரட்டு எடுக்க வேண்டும் என்றார். நீக்கும் முன் முதலில் ஒத்திகைக் கட்டளை கொடுக்க வேண்டும். அது எதையும் நீக்காது, எது எது போகும் என்று மட்டும் காட்டும். ஒருவர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் அது யாருக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வேண்டும் என்று யாராவது சொன்னால், அதைக் கையால் வைத்தது என்று குறித்துவிட வேண்டும். குறித்துவிட்டால் ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. யாருக்கும் தெரியாத பெயர் வந்தால் அன்றைக்கு நீக்கக் கூடாது. வெளி எஸ்டேட் சர்வர் என்றால் அங்கே இருக்கிற ஆபரேட்டர் கட்டாயம் போனில் இருக்க வேண்டும். பெரட்டு முடிகிற வரைக்கும் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் பார்த்துத்தான் எல்லோரும் கிண்டல் செய்தோம். அவர் விடவில்லை. குரங்குக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு பின்னால் நிற்பார். யாராவது கையை மேசை மேல் வைத்தால் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். "கை மடியிலம்மா. கை மேல இருந்தா மனசு ஒய்க்குப் போயிரும்" என்பார். எனக்கே சொல்லியிருக்கிறார், அத்தனை வருஷ சர்வீஸுக்குப் பிறகு. எரிச்சலாக இருக்கும். ஆனாலும் சரி என்று தோன்றும். அவர் காலத்தில் பெரட்டு எடுத்து நீக்கிய எதனாலும் எங்களுக்குக் கேடு வந்ததில்லை. இந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிட்டே மேலே எழுதுகிறேன்.

சேரம்பாடிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு யானை வரும். காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் வேலி இல்லை. இருட்டு பிரியும் முன் ஆட்கள் லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு நடக்கும் பாதை பள்ளத்தை ஒட்டிப் போகிறது. மூடுபனியில் பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. எஸ்டேட் காவலர்கள் யானையைப் பார்த்தால் கத்துவார்கள். அவர்கள் குரல் பள்ளத்தைத் தாண்டாது.

அங்கே ஆபரேட்டராக இருந்தவள் புஷ்பம். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வருகைப் பதிவு புரோகிராம் கங்காணிகளுக்குப் போனில் செய்தி அனுப்புவதை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "அக்கா, லீவு, ஹாஜர்னு அனுப்புற மிசின், யானை நிக்குதுன்னு அனுப்பாதா?"

அனுப்பும். செய்திகளை மோடம் வழியாக அனுப்புகிற பேக்கேஜ் ஒன்று அந்த வருகைப் பதிவு புரோகிராமோடு கூட வந்திருந்தது. ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் செய்தியைப் போட்டால் அது எடுத்து அனுப்பிவிடும். நானும் புஷ்பமும் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். காவலர் அவளுக்குப் போன் செய்வார். எந்தப் பாதை என்று அவள் தட்டுவாள். அந்தப் பாதையில் நடக்கிற லயத்துக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி அந்த ஃபோல்டரில் விழும், உடனே போகும். எழுந்ததும் முதலில் போனைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிற பழக்கம் லயத்தில் வந்தது. செய்தி இல்லையென்றால் பாதை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். அதை நம்பி நடந்தார்கள்.

இதைத் தொடங்கி வைத்தது சந்திரசேகரன் சார். பெரட்டுக்களத்தில் மைக் பிடித்துப் பேசினார், கைதட்டு வாங்கினார். தனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.

பிறகு வருகைப் பதிவுக்கு முகத்தைக் காட்டுகிற புதிய கருவி வந்தது. பழைய புரோகிராம் சும்மா கிடந்தது. பாதுகாப்புத் தணிக்கை என்று கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்து, எல்லாச் சர்வரிலும் வேண்டாத பேக்கேஜ்கள் குவிந்திருக்கின்றன, சுத்தம் செய்யுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை.

அன்றைக்கு நான் இத்தலார் நிலையத்தில் யூபிஎஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் குன்னூரிலிருந்து போன் செய்தார். சேரம்பாடி வருகைப் பதிவின் பழைய தகவல்கள் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறதா என்று கேட்டார். எடுத்திருக்கிறது என்றேன். அப்புறம் கீபோர்டு சத்தம் கேட்டது.

"என்ன சார் பண்றீங்க?"

"அந்தப் பழைய புரோகிராமைத் தூக்கறம்மா. ஆட்டோரிமூவும் குடுத்தாச்சு."

"பெரட்டு எடுக்கலீங்களா? புஷ்பம் லைன்ல இருக்குதுங்களா?"

"ஆடிட்காரங்க எதுத்தாப்புல உக்காந்திருக்காங்க. இப்பப் போய் பெரட்டு, கிரட்டுன்னு. எல்லாம் குப்பைதாம்மா. ஒய் போட்டாச்சு."

"எது எது போச்சுங்க?"

"லைப்ரரிங்க. பேரெல்லாம் இப்ப வாசிச்சிட்டு இருக்க முடியாது. மெயில் போடறேன், பாத்துக்க."

வைத்துவிட்டார். மெயில் வரவில்லை. மறுபடி அழைத்தேன், தணிக்கைக்காரர்களோடு சாப்பிடப் போய்விட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். சாயங்காலமும் கேட்டேன். "நாளைக்குப் பாத்துக்கலாம் உடும்மா" என்றார்.

அந்த நாளைக்கு யானை வந்துவிட்டது.

காவலர் பார்த்தார். புஷ்பத்துக்குப் போன் செய்தார். அவள் பாதையின் பெயரைத் தட்டினாள். செய்தி எப்போதும் போல ஃபோல்டரில் விழுந்தது. திரையில் எப்போதும் வருகிற வரி வந்தது. எடுத்து அனுப்புகிற பேக்கேஜ் மட்டும் இல்லை. தபால்காரரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டுத் தபால் பெட்டியைச் சுவரிலேயே விட்டு வைத்த மாதிரி.

யோகராஜா போனைப் பார்த்தார். செய்தி இல்லை. மருந்தடிக்கிற வேலைக்காரர், மற்றவர்களுக்கு முன்னால் கிளம்புவார். பள்ளத்துப் பாதையில் நடந்தார். அவரைத் தூக்கி வரக் கம்பளி தேவைப்பட்டது. அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

தகவல் வந்ததும் கூடலூர் வழியாகச் சேரம்பாடிக்குப் போனேன். சர்வரைத் திறந்தேன். அந்தச் செய்தி ஃபோல்டரில் அப்படியே கிடந்தது. பள்ளத்துப் பாதையில் யானை, வெளியே வர வேண்டாம். ஒவ்வொருவர் எண்ணுக்கும் ஒன்று. யோகராஜாவின் எண்ணுக்கும் இருந்தது. அனுப்புகிற பேக்கேஜ் நீக்கப்பட்ட நேரத்தையும் பார்த்தேன். சாரும் நானும் போனில் பேசிக்கொண்டிருந்த அதே நேரம். ஆனால் எல்லோரும் நுழைவது ஒரே பொதுப் பெயரில்தான், சாரும், நானும், புஷ்பமும். எப்போது நடந்தது என்று மிசின் சொல்லும். யார் செய்தது என்று சொல்லாது.

சாரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சொன்னார். "அந்த சிஸ்டத்தை நோண்டிட்டு இருக்காதம்மா. ஆள் அனுப்பறேன், புதுசா போட்டுரட்டும். மொதல்ல மெசேஜ் போகோணும்."

"டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டு வேற டிஸ்க்ல போடலாமுங்க சார்."

"சொன்னதைச் செய்."

ஆள் வந்தான். என் கண் முன்னால் டிஸ்க்கை அழித்துப் புதிதாக ஏற்றினான். அவன் ஏவப்பட்டவன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

புஷ்பம் யோகராஜா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். பக்கத்து லயம்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கூடவே போனேன். யோகராஜாவின் மனைவி லெச்சுமி அவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி உடைந்திருந்தது, போன் வேலை செய்தது. எழுந்து வந்து அதைப் புஷ்பத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அனுப்பினேன்னு சொல்றியாமே. எங்க இருக்கு? காட்டு."

"அனுப்பினேன் மதினி."

"காட்டுடி."

காட்ட ஒன்றும் இல்லை. புஷ்பம் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். லெச்சுமி அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வாசலில் நின்றவர்கள் புஷ்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மரியாதைக்கு ஒதுங்கவில்லை.

விசாரணை குன்னூரில் நடந்தது. மூன்று அதிகாரிகள். சந்திரசேகரன் சார் சொன்னது இது: சர்வரின் பாஸ்வேர்டு உள்ளூர் ஆபரேட்டரிடம் இருந்தது. மின்தடை வந்தால் திரும்பக் கிளப்புவதற்காகக் கொடுத்தது. அவள் அனுமதியில்லாமல் பேக்கேஜ்களை நீக்கியிருக்கிறாள். பெரட்டு முறையை மீறிவிட்டாள். ஆமாம், பெரட்டு என்ற வார்த்தையைச் சொன்னார். தான் கொண்டு வந்த முறை என்று விளக்கினார். கை மடியில் வைக்கிற விதியைக்கூடச் சொன்னார். அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். போனில் அழைப்பு வந்த நேரத்தைக் காட்டினேன். அழைப்பு வந்தது தெரிகிறது, என்ன பேசினீர்கள் என்று எப்படித் தெரியும் என்றார்கள். நீக்கப்பட்ட நேரத்தைச் சர்வரில் பார்த்தேன் என்றேன். அந்தச் சர்வர் எங்கே என்றார்கள். அழித்தாயிற்று. யார் அழிக்கச் சொன்னது என்று கேளுங்கள் என்றேன். சேவையை மீட்கச் செய்த அவசர வேலை என்று சார் சொன்னார். அன்றைக்கு அந்த நேரத்தில் புஷ்பம் இலை எடை போடும் இடத்தில் நின்றாள், கங்காணியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். கூப்பிடவில்லை.

நான் சாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைகள் மேசை மேல் இருந்தன.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவரை நிறுத்திக் கேட்டேன், ஏன் இப்படி என்று. "எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்குதும்மா. அந்தப் புள்ள சின்ன வயசு. எங்காச்சும் பொழச்சுக்கும்" என்றார். இதை எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் சொல்லட்டும்.

புஷ்பத்தை வேலையைவிட்டு எடுத்தார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனாள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பிசிறு நூல் வெட்டுகிறாள். கம்ப்யூட்டர் வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். பழைய இடத்தில் விசாரிப்பார்கள் அக்கா என்றாள். அவள் அம்மா இன்னும் சேரம்பாடிக்குக் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வர முடியாது. யானைச் செய்தியை அழித்தவளின் அம்மா என்று லயத்தில் சொல்கிறார்கள். அந்த ஸ்கிரிப்டை எழுதலாம் என்று முதலில் நினைத்தவள் புஷ்பம். அந்தப் பாதையில் அவளுடைய அம்மாவும் நடந்தார்.

நான் எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதில் வரவில்லை. சீக்கிரமே எனக்கும் ஓய்வு வந்துவிட்டது. சாருக்கும் இப்போது ஓய்வு. காக்க வேண்டிய சர்வீஸ் எதுவும் இனி அவருக்கு இல்லை.

இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகளே, நீங்கள் புத்திமதி கேட்டீர்கள். ஆட்டோரிமூவ் கொடுக்கும் முன் ஒத்திகை பாருங்கள். வேண்டியதைக் கையால் வைத்தது என்று குறித்து வையுங்கள். அவரவர் பெயரில் அவரவர் நுழையுங்கள், பொதுப் பெயரை இன்றைக்கே ஒழித்துவிடுங்கள். அந்தச் சர்வரை நம்பி வாழ்கிறவர்களில் ஒருவரையாவது கேட்காமல் எதையும் நீக்காதீர்கள். இவற்றில் பாதிக்கு மேல் சந்திரசேகரன் சாரிடம் நான் படித்தவை. அவர் சொன்னதைச் செய்யுங்கள்.

சந்திரசேகரன் சார், இனி உங்களுக்கு. விழாவுக்கு நான் வருவேன். லெச்சுமிக்குச் சொல்லிவிட்டேன், வருகிறாள். திருப்பூரிலிருந்து புஷ்பத்தையும் அவள் அம்மாவையும் நானே பஸ்ஸில் கூட்டி வருகிறேன். முன்வரிசையில் உட்காருவோம். பொன்னாடையை வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டோம். அதற்குப் பிறகு மைக் முன்னால், சேரம்பாடி ஆட்கள் எல்லோரும் கேட்க, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒய்யை அழுத்தியது யார்?

நாற்காலியில் உட்கார்ந்தே சொல்லலாம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.